கடன் வட்டியை விளக்கத் திரையா, பலகையா?

மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு, தொடக்கக் கடன் தொகை முழுவதன்மீதும் கடைசிவரை கணக்கிடும் ஃபிளாட் வட்டிக்கும், குறைந்துவரும் அசல்மீது கணக்கிடும் வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும்போது, ஸ்லைடுகளைத் திரையிடுவது, பலகையில் எழுதிக் கணக்கிடுவது என இரு வழிகள் உண்டு.

ஸ்லைடு நேரத்தை மிச்சப்படுத்தும். பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கும் எழுத்து தெரியும். ஆனால் 12 மாதத் தவணை அட்டவணை மொத்தமாகத் திரையில் விழும்போது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வந்தது என்பது பார்ப்பவருக்குப் புலப்படுவதில்லை.

பலகையில் அப்படியல்ல. 1,00,000 ரூபாய்க் கடன், 12 சதவீதம், ஓராண்டு என்று எழுதி, ஃபிளாட் முறையில் வட்டி 12,000 ரூபாய், மாதத் தவணை 9,333 ரூபாய் என்று கூட்டத்தையே கணக்கிடச் சொல்லலாம். பிறகு, மாதந்தோறும் அசல் குறைந்தும் வட்டி ஏன் குறையவில்லை என்று கேட்டுவிட்டு, மற்ற முறையில் தவணை 8,885 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 6,619 ரூபாய்தான் என்று பக்கத்திலேயே எழுதினால், அந்த 5,381 ரூபாய் வித்தியாசம் தங்கள் கைப்பணம் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

நாற்பது பேர்வரை உள்ள கூட்டத்துக்கு நான் பலகையையே தேர்ந்தெடுப்பேன். அதற்கு மேற்பட்டோர் இருந்தால், ஒரு ஸ்லைடுக்கு ஒரு வரி என்ற அளவில் திரையைப் பயன்படுத்தலாம்.