இன்சுலேஷன் சோதனைக்கு ஏசியா, டிசியா?

மின்சாதனத்தின் இன்சுலேஷன் தாங்குமா என்று பார்க்கும் உயர் மின்னழுத்தச் சோதனையில், சாதனம் ஏசியில் ஓடுவதென்றால் என் முதல் தேர்வு ஏசிதான். வேலை செய்யும்போது இன்சுலேஷன் படும் பாட்டை, இரு திசையிலும் மாறி மாறி, அப்படியே தருவது அதுதான். சோதனை முடிந்ததும் டிஸ்சார்ஜ் செய்யக் காத்திருக்கவும் பொதுவாகத் தேவையில்லை.

சிக்கல் கெபாசிட்டரில் வருகிறது. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே மொத்தம் 10 நானோஃபாரட் ஃபில்டர் கெபாசிட்டர் இருந்தால், 1500 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4.7 மில்லிஆம்பியர் சும்மாவே பாயும். உண்மையான கசிவு சில மைக்ரோஆம்பியர்தான் என்றால், அது இந்தக் கூட்டத்தில் எங்கே தெரியும்? எவ்வளவு கரன்ட் பாய்ந்தால் டெஸ்டர் தானாக நிற்க வேண்டும் என்ற டிரிப் அளவையும் ஏற்றி வைக்க வேண்டியதாகிறது. ஆபரேட்டருக்கு அது நல்லதல்ல.

டிசியில் கெபாசிட்டர் சார்ஜ் ஆனதும் மிஞ்சுவது கசிவு மட்டும். எனவே டிரிப் அளவைக் கீழே வைக்கலாம். ஆனால் ஏசியின் உச்ச மதிப்புக்கு ஈடாக 1.414 மடங்கு, அதாவது 1500க்குப் பதில் சுமார் 2121 வோல்ட் கொடுக்க வேண்டும். மெதுவாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜிங் கரன்ட்டிலேயே டெஸ்டர் டிரிப் ஆகிவிடும். அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்வரை யாரும் தொடக்கூடாது.

நீளமான கேபிள் தனிக் கதை. அதன் கெபாசிட்டன்ஸுக்கு 50 ஹெர்ட்ஸ் ஏசி கொடுக்கப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிசி எளிது, ஆனால் பழைய எக்ஸ்எல்பிஇ (ஒருவகை பாலிஎதிலீன் பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளில் மின்னூட்டம் இன்சுலேஷனுக்குள்ளேயே தங்கி, பிறகு கேபிளைப் பழுதாக்கலாம். அங்கே 0.1 ஹெர்ட்ஸ் ஏசி பயன்படுத்துகிறார்கள். சார்ஜிங் கரன்ட் 500இல் ஒரு பங்காகிவிடும்.

சாதனத்துக்கான தரநிலை ஏசி மட்டும் என்று சொன்னால், சரி, தேர்வுக்கே இடமில்லை.