பூட்டிய கதவுக்குள் ஓட்டம்: ரிங் ஃபிட் அட்வென்ச்சர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குளிர்காலமான ஜூன் மாதத்தில் மாலை ஐந்து மணியைச் சற்றுத் தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடுகிறது. வேலை முடிந்து, நம் இந்திய வம்சாவளியினர் மிகுந்து வாழும் புறநகர்களான சாட்ஸ்வொர்த்துக்கோ பீனிக்ஸுக்கோ வீடு திரும்பிய பின், இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே அமர்வாரே அன்றி, இருட்டில் தெருவில் நடக்கத் துணிவார் சிலரே. நீரிழிவு புகாத வீடு அரிதாகிவிட்ட நம் சமூகத்தில் இதன் விளைவை விளக்கத் தேவையில்லை. வீட்டுக் கூடத்திலேயே வியர்க்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் வீடியோ விளையாட்டுகளுள், நிண்டெண்டோ நிறுவனம் 2019 அக்டோபரில் சுவிட்ச் என்னும் தன் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட ரிங் ஃபிட் அட்வென்ச்சரையே நான் முதலில் வைப்பேன். ஏமாற்றுவதற்கு அது அதிகம் இடம் கொடுப்பதில்லை என்பதே காரணம்.

பெட்டியில் விளையாட்டு பதிந்த அட்டையோடு, நெகிழ்ந்து கொடுக்கும் வளையம் ஒன்றும் தொடையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றும் வருகின்றன. சுவிட்சின் இருபுறமும் கழற்றி மாட்டும் கைக்கட்டுப்பாட்டுக் கருவிகளான ஜாய்-கான்களில் வலதை வளையத்திலும் இடதைப் பட்டையிலும் பொருத்த வேண்டும். வளையத்துக்குள் இருக்கும் உணரி நாம் அழுத்தும் விசையையும் இழுக்கும் விசையையும் அளக்கிறது. தொடக்கத்தில் இயன்ற அளவு அழுத்தச் சொல்லி, அந்த வலிமையையே நமக்குரிய அளவுகோலாகக் கொள்கிறது. ஆகவே அறுபதைக் கடந்த ஆயாவும் பதினாறு வயதுப் பேரனும், தனித்தனிக் கணக்குகளில், ஒரே வளையத்தைக் கொண்டு தத்தம் வலிமைக்கு ஏற்ப ஆடலாம். உட்கார்ந்து எழும் பயிற்சியில் தொடை எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பட்டை கவனிக்கிறது. அரைகுறையாகத் தாழ்ந்தால் திரையில் வரும் எதிரிக்கு விழும் அடியும் அரைகுறையாகவே இருக்கும். கையில் பிடித்த கருவியின் அசைவை மட்டும் பார்க்கும் நடன, குத்துச்சண்டை விளையாட்டுகளில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே மதிப்பெண் சேர்க்க முடியும் என்பதைச் சிறுவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இருப்பினும் முதுகு வளைகிறதா, பாதம் சரியாக ஊன்றியிருக்கிறதா என்பதை இந்த விளையாட்டும் அறியாது. பழைய முதுகுவலி உள்ளவர்கள் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கதை சிறுபிள்ளைத்தனமானது: தசை முறுக்கிய ஒரு டிராகனைத் துரத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடுகிறோம், இடையிடையே பயிற்சிகளால் சண்டையிடுகிறோம். அதன் அடியில் உள்ள திட்டம் மட்டும் கெட்டிக்காரத்தனமானது. கைப் பயிற்சிகள் சிவப்பு, வயிற்றுப் பயிற்சிகள் மஞ்சள், காற்பயிற்சிகள் நீலம், யோகாசனங்கள் பச்சை. ஆட்டம் சற்று முன்னேறியதும், எதிரியின் நிறத்துக்கு ஒத்த பயிற்சியே அதிகம் தாக்கும் என்ற விதி வந்துவிடுகிறது. பிடித்த ஒன்றையே செய்துகொண்டு வயிற்றைத் தப்பவிடும் நம் வழக்கம் இங்கே செல்லாது. எதிரி திருப்பித் தாக்கும்போதுகூட, வளையத்தை வயிற்றில் அழுத்திக்கொண்டுதான் தற்காத்துக்கொள்ள வேண்டும். கதையில் ஒரு பாத்திரமாகவும் வரும் அந்த வளையம் ஓயாமல் பேசிப் பாராட்டிக்கொண்டே இருப்பது எனக்குச் சலிப்பூட்டியது. புகழ்ச்சிக்கு ஏங்குபவர்களுக்கு அது இனிக்கலாம்.

குறை என்று நான் முதன்மையாகச் சொல்வது நேரத்தைப் பற்றியது. பேச்சும் தேர்வுப் பட்டியல்களும் இடைமறிப்பதால், தொலைக்காட்சி முன் நின்ற நேரம் வேறு, உடல் உழைத்த நேரம் வேறு. நேர்மையாக, ஆட்டத்தின் முடிவில் உழைத்த நேரத்தை அதுவே தனியாகக் காட்டுகிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இரண்டாவதை இது தாராளமாகவே நிறைவேற்றிவிடுகிறது. முதலாவதற்கு ஞாயிறு காலையில் கடற்கரை நடையும் தேவைப்படும். கடினநிலை 30 வரை உண்டு. எளிதாகத் தோன்றத் தொடங்கியதும் தயங்காமல் உயர்த்த வேண்டும், இல்லையேல் வியர்வையே வராது. முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு அதைக் காக்கும் தனி அமைப்பும் இருக்கிறது. கட்டைவிரலை ஜாய்-கானின் அகச்சிவப்பு உணரியில் வைத்து நாடித்துடிப்பையும் பார்க்கலாம், ஆனால் அதை மருத்துவக் கருவியாக நம்பக் கூடாது. இன்சுலின் எடுப்பவர்கள் ஆடும் முன் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நலம்.

ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சாட்ஸ்வொர்த் வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் தடதடவென்று ஓடினால் அண்டைவீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதற்கென அமைதிநிலை ஒன்று உண்டு. ஓட்டத்துக்குப் பதிலாக முழங்காலை மடக்கி நிமிர்ந்தால் போதும், தொடைக்கு அதுவே கூடுதல் வேலை. மின்வெட்டு வந்தாலும் சுவிட்சை மேசைமேல் நிறுத்தி அதன் மின்கலத்தில் ஆடலாம், ஆனால் சிறிய திரையைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். கோடைப் புழுக்கத்தில் வியர்வைபட்ட பட்டை தொடையிலிருந்து நழுவுவதுதான் பெரிய தொல்லை. அரைக்காற்சட்டையின் துணிமேல் கட்டினால் ஓரளவு நிற்கும். தொலைக்காட்சித் தொடரை விட்டு எழ மனமில்லாதவர்கள், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் வளையத்தை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கலாம்; 500 முறை வரை எண்ணி வைத்திருந்து பின்னர் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் வீட்டு ஆயாவுக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

வாங்கும்போது சில விவரங்களைக் கவனிக்க வேண்டும். சுவிட்ச் லைட் என்னும் சிறிய வகையில் ஜாய்-கான்கள் கழல்வதில்லை. 2025இல் வந்த சுவிட்ச் 2இன் புதிய ஜாய்-கான்கள் வளையத்தில் பொருந்துவதில்லை. இரண்டுக்குமே பழைய ஜாய்-கான் இணை ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். ஒரு நாட்டில் வாங்கியது வேறு நாட்டில் ஓடாதபடி தடுக்கும் வட்டாரப் பூட்டு சுவிட்ச் விளையாட்டுகளுக்கு இல்லையாதலால், இந்தியாவிலிருந்து வரும் உறவினர் வாங்கி வந்தாலும் இங்கே ஓடும். பயன்படுத்தியதை வாங்குவதானால் வளையமும் பட்டையும் பெட்டியில் இருக்கின்றனவா, பட்டையின் இழுவை தளர்ந்துவிடவில்லையா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். அட்டை மட்டும் மலிவாகக் கிடைத்தால் அதனால் பயனில்லை.