விட்பி நகரைப் படமெடுக்க மேற்குக் கரையா, கிழக்குக் கரையா?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், யார்க்‌ஷயரில் உள்ள விட்பி, எஸ்க் ஆற்றால் இரு கூறான சிறு துறைமுக நகரம். ஆறு வடக்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் இரு கரைகளிலும் குன்றுகள் எழுகின்றன. படகுகளுக்கு வழிவிட்டுச் சுழன்று திறக்கும் ஒரு பாலம் இரண்டு கரைகளையும் இணைக்கிறது. கேமராவுடன் அங்கே செல்பவர்களில் பலர் மடாலய இடிபாட்டை நோக்கித்தான் முதலில் விரைகிறார்கள். ஒரு பகல் மட்டுமே கையில் இருப்பவர் அதற்கு முன்பே எந்தக் கரையில், எந்த வேளையில் நிற்பது என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது.

ஊர் முழுவதையும் ஒரே சட்டகத்தில் காட்டுவது மேற்குக் கரைதான். அந்தக் குன்றின் மேல் 1912-இல் நிறுவப்பட்ட கேப்டன் ஜேம்ஸ் குக்கின் சிலையும், திமிங்கலத்தின் தாடை எலும்புகளால் ஆன வளைவும் உள்ளன. இப்போது நிற்கும் எலும்புகள் அலாஸ்காவிலிருந்து வந்து 2003-இல் நிறுவப்பட்டவை. திமிங்கல வேட்டையால் வளர்ந்த ஊரின் நினைவுச் சின்னம் அது. வளைவின் ஊடாகப் பார்த்தால், ஆற்றுக்கு அப்பால் புனித மேரி தேவாலயமும் அதன் பின்னே மடாலயமும் தெரியும். அஞ்சலட்டைகளில் எண்ணற்ற முறை வந்த காட்சி என்பதற்காக அதை ஒதுக்குவது நியாயமன்று என்றே கருதுகிறேன். ஆனால் நாம் அங்கே ஏறக்குறைய நேர் கிழக்கு நோக்கி நிற்பதால், காலையில் வெயில் லென்ஸுக்குள் பாய்ந்து கட்டடங்களைக் கருமையாக்கிவிடும். கோடையில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு அதே கற்சுவர்களும், அவற்றின் அடியில் அடுக்கடுக்காக இறங்கும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் நேர் ஒளியைப் பெறுகின்றன. குளிர்கால விடியல் மட்டும் விதிவிலக்கு: தென்கிழக்கில் சிவக்கும் வானத்தின் முன்னே இடிபாட்டின் நிழலுருவம் கிடைக்கும்.

லென்ஸைப் பொறுத்தவரை, வளைவிலிருந்து மடாலயம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளியிருப்பதை நினைவில் வைக்க வேண்டும். வளைவை ஒட்டி நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்தால் மடாலயம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். சற்றுப் பின்வாங்கி நின்று 85 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸைப் பயன்படுத்தினால், எலும்பு வளைவும் மடாலயமும் ஒன்றுக்கொன்று இசைந்த அளவில் அமையும். கீழே துறைமுக ஓரத்துக்கு இறங்கி 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால், வீடுகளும் தேவாலயமும் இடைவெளி குறைந்து ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும். ஊரின் செங்குத்தான அமைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கோணம் எனக்குத் தெரியாது.

கிழக்குக் கரை தெருக்களுக்கு உரியது. சர்ச் தெரு, அதிலிருந்து பிரியும் குறுகலான முற்றச் சந்துகள், தெருவின் முடிவில் தேவாலயத்துக்கு ஏறும் 199 படிகள் ஆகியவை அனைத்தும் இங்கேதான் உள்ளன. சர்ச் தெரு ஆற்றை ஒட்டி வடக்குத் தெற்காகச் செல்வதால், வெயில் நண்பகலை ஒட்டிச் சிறிது நேரமே அதன் தரையைத் தொடும். ஊர் 54.5 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 12 பாகைக்கு மேல் எழுவதில்லை. ஆகவே சந்துகளுக்கு மேகமூட்டமான நாளே ஏற்றது. ஒளி சீராகப் பரவி, மழையில் நனைந்த தரைக்கற்கள் நன்கு மின்னும். 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் போதும். உயரமான சுவர்களை முழுமையாகப் பிடிக்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் அவை பின்னால் சரிவதுபோல் தோன்றும். அதைச் சாய்க்காமல், தேவைப்பட்டால் ஒரு படியில் ஏறி நின்று எடுப்பது மேல்.

படிகளின் உச்சி காலைக்கு உரிய இடம். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கத் துறைமுகமும் மேற்குக் கரை வீடுகளும் ஒளிபெறும். கோடை நடுவில் இதே இடம் மாலைக்கும் பொருந்தும். அப்போது சூரியன் வடமேற்கில் கடலுக்குள் மறைவதால், 1831-இலும் 1855-இலும் கட்டப்பட்ட இரண்டு கலங்கரை விளக்கங்களையும் அந்த வானத்தோடு சேர்த்தே எடுக்கலாம்.

மடாலயத்தை அருகில் சென்று எடுப்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 657-இல் ஹில்டா என்ற கிறித்தவத் துறவி நிறுவிய மடம் அது. 664-இல் ஆங்கிலத் திருச்சபையின் போக்கையே தீர்மானித்த பேரவை அங்கே கூடியது. 1914 டிசம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் குண்டுகள் அதன் மேற்கு முகப்பைச் சிதைத்தன. ஆயினும் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று எடுக்கும் படத்தில் கடலும் துறைமுகமும் விடுபட்டுப்போனால், யார்க்‌ஷயரின் வேறு எந்த மடாலய இடிபாடாகவும் அது இருந்துவிடக்கூடும். எதிர்க்கரையிலிருந்து பார்க்கும்போதுதான் அது விட்பியின் மடாலயமாகிறது.

ஒரு கரையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் கிழக்கையே சொல்வேன். அதற்கு ஒரு காரணம் ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853–1941). இதே ஊரில் படக்கூடம் நடத்திப் பிழைத்த அவர், கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று மீனவர்களையும், மீனவப் பெண்களையும், துறைமுக நீரில் விளையாடிய சிறுவர்களையும் எடுத்தார். அவருடைய படங்களின் பின்னணியில் பனிமூட்டமும் புகையும் தொலைவிலுள்ள கூரைகளை மங்கலாக்கி, முன்னே நிற்கும் மனிதரைத் தனித்துக் காட்டுகின்றன. வட கடலின் குளிர்ந்த நீர்மேல் வெதுவெதுப்பான காற்று வீசும்போது இன்றும் அதே மூட்டம் கரையேறுகிறது. அத்தகைய நாளில் மேற்குக் குன்றில் நிற்பவருக்கு எதிர்க்கரை புலப்படாமலே போகலாம். சந்துகளில் நடப்பவருக்கோ அதுவே பெரும் துணையாகும்.

சட்டத்தில் இரு கரைகளுக்கும் வேறுபாடில்லை. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, கட்டடங்களையும் பொதுவிடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பங்களையும் படமெடுக்க இடமளிக்கிறது. சுவரோவியங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டு கரைகளையும் ஒரே நாளில் எடுக்க விரும்புகிறவர், கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தாழ் ஓதத்தில் துறைமுகத்தின் ஓரங்களில் சேறு தெரியும். கூரைகளின் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் காற்றடங்கிய உயர் ஓதமே வாய்ப்பான வேளை. ஆனால் அந்த வேளையை ஒட்டித்தான் படகுகளுக்காகப் பாலம் திறக்கப்படும் என்பதால், மாலை ஒளிக்கு மேற்கே போக நினைப்பவர் முன்னதாகவே ஆற்றைக் கடந்துவிடுவது நல்லது.