பொது மருத்துவர்களுக்கான தலைக்காயப் பயிற்சி: பெங்களூரு ஒருநாள் பட்டறை பற்றி

நரம்பியல் அறுவை மருத்துவர் இல்லாத சிறு மருத்துவமனைகளில் பணிபுரிவோருக்காக நடத்தப்பட்ட பட்டறை இது. பெங்களூருவில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவர் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் சிறப்பு மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பு, என்னைப் போன்ற இரவுப்பணி மருத்துவரிடம்தான் பெரும்பாலும் வருகிறார்.

நம்மை அரைகுறை அறுவை நிபுணர்களாக்க முயலாததே இப்பயிற்சியின் பலம். அடிபட்ட கணத்தில் மூளைக்கு நேர்ந்ததை நாம் மாற்ற முடியாது. ஆக்சிஜன் குறைவாலும் ரத்த அழுத்த வீழ்ச்சியாலும் பின்னர் நேரும் இரண்டாம் சேதத்தைத் தடுப்பதே நம் பொறுப்பு என்பதைக் காலை அமர்வு முழுவதும் வலியுறுத்தினார்கள். சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 90-க்குக் கீழே இறங்கினால், தலைக்காயத்தின் மீது பழி போட்டுவிடாமல் மார்பிலும் வயிற்றிலும் இடுப்பிலும் ரத்தக்கசிவைத் தேட வேண்டும் என்றார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடியதைக் காட்டிய 2004-ஆம் ஆண்டு 'கிராஷ்' ஆய்வையும் நினைவூட்டியது நல்லது. அந்தப் பழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

நோயாளியின் நினைவுநிலையை மதிப்பெண்ணால் அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலைக் கற்பித்த விதம் மிகச் சிறப்பு. அதிகபட்சமாகக் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் கன்னடத்தில் கேட்ட கேள்விக்குத் தர்மபுரியிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி பதில் சொல்லாமல் திருதிருவென விழித்தால், அது குழப்பமா, மொழி புரியாமையா? நோயாளிகளாக நடித்தவர்களை வெவ்வேறு மொழிகளில் பேசவைத்து இந்தச் சிக்கலை எங்கள் முன் வைத்தார்கள். வெறும் கூட்டுத்தொகையை எழுதாமல் மூன்று மதிப்பெண்களையும் தனித்தனியே, நேரத்துடன் குறிக்கவும் பழக்கினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிவுரைப் பகுதிதான் ஏமாற்றம். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத உறக்கம் ஆகியவற்றை உடனிருப்பவர் கவனிக்க வேண்டும் என்கிறது அச்சிட்ட தாள். பி.ஜி. விடுதியில் தனியாகத் தங்கியிருக்கும் இளைஞருக்கு உடனிருப்பவர் யார்? அவரை இரவு மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு உருப்படியான விடை வரவில்லை.

பிற்பகல் முழுவதும் சி.டி. படங்களுக்குச் சென்றதும் மிகை. அதில் பாதியை நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது தரும் கடிதத்தை எழுதவும், ஆம்புலன்ஸில் உடன் செல்லும் செவிலியரைத் தயார்ப்படுத்தவும் ஒதுக்கியிருக்கலாம். ஆனாலும், புதிதாக இரவுப்பணியில் சேரும் மருத்துவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். செவிலியர்களையும் சேர்த்துக்கொண்டால் கட்டணத்துக்கு முழுப் பயன் கிடைக்கும்.