27,400 ரூபாய்: ஒரு பொய் தெர்மோஸ்டாட், கொஞ்சம் கோழி மருந்து, ஏழு வண்ண விளக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, விடு" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்துவிடுவேன். போன பணம் 27,400 ரூபாய். அதை வாங்கிக்கொண்டது, வெளிநாட்டுச் செல்லப்பிராணிகளுக்கான சாமான்களை ஆன்லைனிலும் கடையிலும் விற்கும் ஒரு சென்னைக் கடை. பெயர் போடவில்லை, இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள்.

என் பாம்பு பால் பைத்தான் (ball python). பெண், 1,150 கிராம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிந்தது. பதிவை ஏன் சொல்கிறேன் என்றால், 1972 வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, நான்காம் அட்டவணையில் வரும் இந்த வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தாலும் கைமாற்றினாலும் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் எந்த முகத்தோடு நுகர்வோர் புகாருக்குப் போவார்? இந்த மாதிரிக் கடைகளுக்கு அதுதான் தைரியமே.

செலவைப் பிரித்துச் சொல்கிறேன். பாம்பு வைக்கும் டப், அடியில் சூடு தரும் ஹீட் மேட், அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சேர்ந்த "கம்ப்ளீட் செட்" 9,800. "ஆர்.ஐ. ட்ரீட்மென்ட் பேக்கேஜ்" (ஆர்.ஐ. என்றால் மூச்சுப்பாதைத் தொற்று) 6,500. "ரெப்டைல் நெபுலைசர்" 4,900. இரண்டாவது கோர்ஸ் 6,200. கூட்டிப் பாருங்கள், 27,400.

செட் வந்தது ஐப்பசியில். மார்கழி பிறந்த வாரத்தில் மூக்குத் துளையில் சின்னக் குமிழி. தோல் உரிக்கும் சமயத்தில் மூக்கில் ஒட்டிய தோலால் விசில் மாதிரிச் சத்தம் வரும், அது நோய் இல்லை. ஆனால் உரித்து முடித்து ஒரு வாரம் ஆன பிறகும் சத்தம் இருந்தால், அதுவும் காதருகே பிடித்தால் சோடா நுரை உடைகிற மாதிரிக் கேட்டால், அது சளி. அடுத்த கட்டம் தலையை மேல்நோக்கித் தூக்கி டப்பின் சுவரில் சாய்த்துக்கொண்டே இருப்பது. அதற்கும் அடுத்தது வாயைத் திறந்து மூச்சு விடுவது. மூன்றாவது கட்டத்தில் கடைக்காரருக்கு வீடியோ அனுப்புவது முட்டாள்தனம். இரண்டாவது கட்டத்திலேயே அனுப்பினேன், அதுவும் முட்டாள்தனம்தான்.

நம்பியது எந்த இடத்தில் என்று யோசித்தால் எரிச்சல் வருகிறது. அந்தக் கடைப் பையன் கேட்ட கேள்விகள் அத்தனையும் சரியான கேள்விகள். "அண்ணா, வெயிட் எவ்ளோ? கிராம்ல சொல்லுங்க." கடைசியாக எலி எப்போது போட்டது, ஈரப்பதம் எவ்வளவு, கழிவு எப்படி இருந்தது, எல்லாம் கேட்டான். கிராம் கணக்கில் எடை கேட்கிறவன் டோஸ் கணக்குத் தெரிந்தவன் என்றுதானே யாருக்கும் தோன்றும்? கூடவே, "டாக்டர்கிட்ட போனா கல்ச்சர் அது இதுன்னு இழுப்பாங்கண்ணா. நாங்க இதே மாதிரி நூறு பாம்பு பாத்துட்டோம். மூணு டோஸ்ல சரியாயிடும்." 6,500 ரூபாய் ஜிபேயில் போய்விட்டது.

மறுநாள் காலையில் கூரியரில் வந்தது லேபிள் இல்லாத ஒரு சின்னக் குப்பி. மஞ்சள் திரவம். ஒன்று விட்டு ஒரு நாள் 0.3 மில்லி, வாய் வழியாக. பெயர் கேட்டால் "நம்ம ஓன் ஃபார்முலாண்ணா". ரொம்ப நெருக்கிய பிறகு அசல் பாட்டிலின் படம் வந்தது: கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், 10 சதவீதம். அதைப் பத்து மடங்கு தண்ணீராக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 10 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். பத்து மடங்கு நீர்த்தால் 10. அதில் 0.3 மில்லி என்றால் 3 மில்லிகிராம். பைத்தான்களுக்கு இந்த மருந்தில் வழக்கமான அளவு முதல் டோஸ் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பிறகு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 5. 1,150 கிராமுக்கு முதலில் 11.5, அப்புறம் 5.75 வர வேண்டும். வந்தது 3. அதுவும் ஊசியாக இல்லை, வாய் வழியாக. அதுவும் மூன்றே டோஸ், நுரையீரல் தொற்றுக்கு வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிய இடத்தில். இதைவிடக் கொடுக்காமலே இருந்திருக்கலாம், ஏனென்றால் அரைகுறை டோஸில் செத்துப்போவது லேசான கிருமி, மிஞ்சுவது மருந்துக்கு அசையாத கிருமி. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவருக்கு 350 கிராம் குட்டி, அவருக்கும் இதே 0.3 மில்லி. கிராமில் எடை கேட்டதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் உண்மையான குற்றவாளி மருந்து இல்லை, தெர்மோஸ்டாட். ஊர்வன உடம்பில் எதிர்ப்புச் சக்தி வேலை செய்வதே வெளிச் சூட்டை நம்பித்தான். பாம்பு குளிர்ந்து கிடந்தால் மருந்து உடம்பில் பரவுவது மாறும், வெள்ளணுக்கள் மந்தமாகும், எந்த ஆன்டிபயாட்டிக்கும் வெறும் தண்ணீர்தான். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 26 அல்லது 27 டிகிரி வேண்டும். நோய் வந்தால் இரவில்கூட எந்த மூலையும் 29-க்குக் கீழே போகக் கூடாது. செட்டில் வந்த தெர்மோஸ்டாட்டில் 32 வைத்தேன், திரையில் ஆடாமல் அசையாமல் 32.0. இரண்டு மாதம் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் சமையலறைத் தெர்மாமீட்டரை அதே இடத்தில் வைத்தால் 26.4. பிறகு ஐஸ் சோதனை. டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், ஐந்து நிமிடம் கலக்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டின் ப்ரோப் (சூட்டை அளக்கும் கம்பி) முனை அடியிலும் ஓரத்திலும் படாமல் நடுவில் தொங்க வேண்டும். 0 காட்ட வேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் மன்னிக்கலாம். இது 5.5-ல் நின்றது, நகரவே இல்லை. அதாவது உள்ளே 26 ஆனதுமே 32 வந்துவிட்டது என்று நினைத்து மேட்டை அணைத்திருக்கிறது. மார்கழி இரவு, பக்கத்து அறையில் ஏசி வேறு.

இன்னொன்று, ஹீட் மேட் சரியாக வேலை செய்திருந்தாலும் போதாது. மேட் வயிற்றைச் சூடாக்கும், காற்றை அல்ல. பாம்பு மூச்சு விடுவது காற்றில். சளிப் பாம்புக்குக் காற்றின் சூடு ஏற வேண்டும். அதற்குக் கம்பிக் கூண்டு போட்ட செராமிக் ஹீட்டரோ ரேடியன்ட் பேனலோ மேலே மாட்டி, அதைச் சரியான தெர்மோஸ்டாட்டில் கொடுக்க வேண்டும். கூண்டு இல்லாமல் மாட்டினால் பாம்பு அதில் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். "கம்ப்ளீட் செட்" என்று 9,800 வாங்கியவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

நெபுலைசர் கதையைச் சொல்லாமல் விட்டால் ஆத்திரம் அடங்காது. பெட்டியைப் பிரித்தால் மேசையில் வைக்கும் யுஎஸ்பி ஹ்யூமிடிஃபையர். ஏழு வண்ண விளக்கு. நெபுலைசர் என்பது 5 மைக்ரானுக்கும் சிறிய துளியாக உடைத்து நுரையீரலின் அடி வரை அனுப்புகிற கருவி. இது பெரிய துளியாகத் துப்பி டப்பின் சுவரை நனைக்கும், அவ்வளவுதான். 26 டிகிரியில் சொட்டச் சொட்ட ஈரம், சளிப் பாம்புக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் குழந்தைகளுக்கு வாங்குகிற கம்ப்ரசர் நெபுலைசரே போதும், விலை இதில் பாதிகூட வராது. மூடிய டப்பில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, 5 மில்லி சலைன், 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. சலைனோடு மருந்து சேர்ப்பதை டாக்டர் சொன்னால் மட்டும்.

சளி ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது என்றால், பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமித் துப்ப முடியாது. நுரையீரல் நீளமான பை, சளி அடியில் போய்த் தங்கிவிடும். பாம்பின் சீழும் ஒழுகாது, தயிர்க்கட்டி மாதிரி இறுகும். அதனால்தான் "மூணு டோஸ்ல சரியாயிடும்" என்று எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்கிறான்.

அப்புறம் ஆரம்பித்தது தட்டிக்கழிப்பு. முதலில் "ஸ்ட்ரெஸ்ணா, தொடாம விடுங்க." பிறகு "உங்க வீட்டு வோல்டேஜ் ப்ராப்ளம்." ஐஸ் சோதனை வீடியோவை அனுப்பியதும் "ப்ரோப் தண்ணில போட்டா வாரண்டி போயிடும்." (ஈரப்பதம் 60 சதவீதம் வைக்க வேண்டிய டப்புக்கு விற்ற ப்ரோப் அது.) இடையில் "ஸ்ட்ராங்கா ஒரு செகண்ட் கோர்ஸ் இருக்கு" என்று 6,200 வாங்கினார்கள். வந்தது அதே மஞ்சள், கொஞ்சம் அடர்த்தியாக. அதன் பிறகு "ஓனர் பேங்காக்ல இருக்காரு", "ரிட்டர்ன் ஏழு நாள் தாண்ணா, பில் பின்னாடி போட்டிருக்கு". பில்லே கொடுக்கவில்லை, எதன் பின்னால் போட்டிருக்கிறதாம்? குழுவில் 350 கிராம் குட்டியைப் பற்றிக் கேட்ட பத்தாவது நிமிடம் என்னை நீக்கிவிட்டார்கள். இப்போது போன் போகிறது, எடுப்பதில்லை.

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. மூச்சுக்குழாய் வழியாகக் கிருமி நீக்கிய சலைன் விட்டு உறிஞ்சி எடுத்துக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தது. என்ரோஃப்ளாக்சசினுக்கு அசையாது, செஃப்டாசிடிம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக் கேட்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, உடம்பின் முன்பகுதித் தசையில், ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றி. 1 கிராம் குப்பியை மொத்தம் 10 மில்லி வரும்படி கலந்தால் மில்லிக்கு 100, ஆகவே 0.23 மில்லி. யு-100 இன்சுலின் சிரிஞ்சில் 23 யூனிட். கலந்ததை வெளியே வைத்தால் வீரியம் போய்விடும், வேளைக்கொரு சிரிஞ்சாக இழுத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும், உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. இது என் பாம்பின் கல்ச்சருக்கு எழுதியது, உங்கள் பாம்புக்கு அப்படியே போடாதீர்கள்.

இதிலும் கேட்காவிட்டால், அல்லது குணமாகிக் குணமாகித் திரும்ப வந்தால், நிடோவைரஸுக்கு வாய் ஸ்வாபில் பிசிஆர் கேட்க வேண்டும். 2014-ல் பால் பைத்தான்களில் முதலில் விவரிக்கப்பட்ட வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, மேலே ஏறி உட்காரும் பாக்டீரியாவைத்தான் அடக்கலாம். அதனால் வீட்டில் வேறு பாம்பு இருந்தால் இன்றே தனி அறை, தனி கொக்கி, தனி தண்ணீர்க் கிண்ணம்.

நிறைய அறிவுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நேரம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: லேபிள் இல்லாத குப்பியை வாங்காதீர்கள். எந்தத் தெர்மோஸ்டாட் வந்தாலும் பாம்பை வைப்பதற்கு முன் ஐஸ் டம்ளரில் போட்டுப் பாருங்கள், இரண்டாவதாகத் தனித் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும். சளி இருக்கும்போது தரையில் வெறும் டிஷ்யூ பேப்பர் போதும், தென்னை நார்த் தூள் வேண்டாம். கட்டாயப்படுத்தி எலி ஊட்டாதீர்கள். வாராவாரம் எடை குறித்து வையுங்கள். பணம் கட்டும் முன் பில் கேளுங்கள், ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், நானும் அழைத்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது. சென்னையில் யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

மீதியைப் பின்னூட்டத்தில் கேளுங்கள், நாளை சொல்கிறேன். நான்காவது ஊசி ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்துவைத்து உருகிவிட்டது, போட வேண்டும். 27,400 ரூபாய், சே.