பயிற்சிக்குப் போகும் தம்பிகளே, மனசுக்கு எது கைகொடுக்கும்? ஆப், சாட்பாட், 14416 – ஓர் அலசல்

குன்னூர், கோத்தகிரி, அருவங்காடு பக்கத்துப் பையன்களை அக்னிவீர் என்ற நான்கு வருட ராணுவப் பணித் தேர்வுக்குத் தயார்செய்வது என் வேலை. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது என்று உடம்புக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். ஆனால் தேர்வாகி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கோ, நாசிக், ஹைதராபாத் பீரங்கிப்படை மையங்களுக்கோ போன பிறகு அவர்களை வாட்டுவது உடம்பு வலி மட்டுமில்லை. தூக்கம் கெடுகிறது, வீட்டு நினைப்பு வருகிறது, ரெலிகேட் ஆகிப் பின்னால் வரும் பேட்சில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் பிடிக்கிறது. நான்கு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்குப் போக முடியும் என்பதால், பக்கத்துக் கட்டிலில் படுப்பவனே போட்டியாளனாகத் தெரிய ஆரம்பிக்கிறான்.

இதற்கெல்லாம் போனிலேயே உதவி இருக்கிறது என்கிறார்கள். எந்த உதவியானாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். போன் கையில் இல்லாதபோதும் பயன்படுமா? தமிழில் பேசுமா? நான் சொல்வது யார் காதுக்குப் போகும்?

முதலில், நாமே பார்த்துப் பழகிக்கொள்ளும் ஆப்கள். அமெரிக்கப் படை 2009-லேயே வீரர்களின் மன உறுதிக்கென்று தனிப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. கனடா ராணுவம் சின்ன இலக்கு வைப்பது, மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது, தனக்குத்தானே பேசிக்கொள்வது, மூச்சை அடக்கி ஆள்வது என்று நான்கு பழக்கங்களைச் சொல்லித் தருகிறது. ஆஸ்திரேலியாவின் ‘ஹை ரெஸ்’ ஆப் இந்த வகைதான். அமெரிக்காவின் ‘பிடிஎஸ்டி கோச்’ இலவசம். ஆனால் அது அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கானது, புதுப் பையனுக்குப் பொருந்தாது. நம் பையன்களுக்கு இவற்றின் ஆங்கிலமும் ஒரு தடை. பயிற்சிக் காலத்தில் போன் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது என்பது அதைவிடப் பெரிய தடை.

இருந்தும் ஆப்பை நான் ஒதுக்கமாட்டேன். அது கற்றுத்தரும் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டால் போனே வேண்டாம். ஃபயரிங் ரேஞ்சில் முதல் முறை படுக்கும்போது நெஞ்சு அடிக்கிற அடியில் துப்பாக்கி முனையே துள்ளும். அப்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட்டால் இதயத் துடிப்பு இறங்குவது நன்றாகத் தெரியும். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. இதை அங்கே போய்ப் பழக நேரம் இருக்காது. குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் ஏற்றம் ஓடி முடித்த கையோடு, மூச்சு வாங்கும்போதே பழகச் சொல்கிறேன். பயிற்சியில் சேரச் சொல்லும் ஆர்டர் வருவதற்கு முன்பே ஆப்பின் வேலை முடிந்துவிட வேண்டும்.

அடுத்து, நாம் தட்டுவதற்குத் தானாகப் பதில் எழுதும் சாட்பாட். அதற்கு என் ஓட்டு இல்லை. நடு ராத்திரியிலும் பதில் சொல்லும், சலித்துக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, பாதியை விழுங்கிப் பேசும் பையனின் ஆபத்தை அது பிடித்துவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவ வைத்த ‘டெஸ்ஸா’ என்ற சாட்பாட், அவர்களுக்கே எடை குறைக்கும் யோசனை சொன்னதால் 2023-ல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. தவிர, பட்டாளத்துக்குப் போகிறவன் யூனிட், இடம், அன்றாட நடப்பு எல்லாவற்றையும் தனியார் சர்வரில் கொட்டுவதே தப்பு.

மிச்சம் இருப்பது டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபர் 10-ல் மத்திய சுகாதாரத் துறை தொடங்கிய அதன் இலவச எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். முப்படையினருக்கென்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப் பிரிவும் திறந்தார்கள். வீடியோவிலும் பேசும் வசதியை முதலில் பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மலையில் நெட் இழுத்துக்கொண்டு நின்றாலும், சாதாரண அழைப்புக்கு ஒரு கோடு சிக்னல் கிடைத்தால் போதும்.

“அண்ணா, அதுல பேசினா பட்டாளத்துல என் கம்பெனிக்குத் தெரிஞ்சு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?” எல்லாப் பையன்களும் கேட்பது இதைத்தான். 14416 சுகாதாரத் துறையின் எண்ணப்பா, உன் ரெஜிமெண்டின் எண் இல்லை என்பேன். சொன்னதை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017 மனநலச் சட்டம் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் அதற்கு விலக்கு உண்டு, அப்படி இருப்பதும் நியாயமே. இந்தப் பயத்தைப் போக்காமல் எத்தனை ஆப் கொடுத்தாலும் வீண்தான்.

ஆக, போவதற்கு முன் ஆப், போன பின் 14416. நடுவில் நாள் முழுக்க, பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் இருக்கிறார். சோறு இறங்காத பையனை மெஸ்ஸில் முதலில் கவனிப்பது அவர்தான். அவர் வேலையை எந்த டிஜிட்டல் உதவியும் செய்யாது.

எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் பர்ஸிலும் டைரியிலும் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் மகன் குரல் சரியில்லை என்று தோன்றினால், அம்மா அப்பாவும் அதே எண்ணை அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.