பத்தா, எட்டா? என் .243 குழலுக்கு ட்விஸ்ட் தேர்ந்த கதை

போன வருஷம் என் .243 வின்செஸ்டர் வேட்டைத் துப்பாக்கிக்குப் புதுக் குழல் போட்டேன். துப்பாக்கி வேலை செய்யும் பெரியவர் நீளம், கனம் எதையும் கேட்கவில்லை, முதல் கேள்வியே "ட்விஸ்ட் என்ன?" என்பதுதான். பழைய குழல் 1:10. அதாவது குண்டைச் சுழற்றிவிட உள்ளே வெட்டிய சுருள் வரி பத்து அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று. நான் 1:8 கேட்டேன். அந்த முடிவை நியாயப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன், நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் பத்தின் பக்கம். .243 வந்த 1955லிருந்து அதற்கு வழக்கமான ட்விஸ்ட் இதுதான். ஈயக்கருவும் செம்பு உறையும் கொண்ட 100 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) மான் குண்டு வரை பத்தில் ஒரு குறையும் இல்லாமல் பறக்கும். 55, 58 கிரெய்ன் மெல்லுறைக் குண்டுக்கும் பத்துதான் பாதுகாப்பு, ஏனென்றால் அவற்றை வேகமான ட்விஸ்டில் விட்டால் நிமிடத்துக்கு மூன்றரை லட்சம் சுற்றுச் சுழன்று சில சமயம் வழியிலேயே சிதறிவிடும். எட்டு போட்டால் அழுத்தம் ஏறும், குழல் சீக்கிரம் தேயும் என்றெல்லாம் சொல்வார்கள். வேட்டைக்காரனுக்குத் தெரிகிற அளவில் வித்தியாசம் எதுவும் கிடையாது. விலையும் ஒன்றேதான்.

அப்புறம் எதற்கு எட்டு? செம்புக்காக. நான் வேட்டையாடுவது கலிஃபோர்னியாவில். இங்கே 2019 ஜூலை 1லிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்ததால் வந்த சட்டம் அது. 1987ல் காட்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றிய பறவை. எனக்குச் சட்டத்தோடு சண்டை இல்லை. ஆனால் குழலுக்குள் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். குழலுக்கு எடை முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம். ஒல்லியாய் உயர்ந்த பம்பரத்தைச் சுற்றிப் பாருங்கள், குட்டைப் பம்பரத்தைவிட வேகமாகச் சுற்றினால்தான் தலையாட்டாமல் நிற்கும். குண்டும் அப்படித்தான். என்னிடமுள்ள 80 கிரெய்ன் செம்புக் குண்டைக் காலிப்பர் அளவுகோலில் வைத்தால் 1.05 அங்குலத்தை ஒட்டி வருகிறது. 80 என்ற எண்ணைப் பார்த்து லேசான குண்டு என்று பத்தில் போட்டால் ஏமாந்துபோவோம்.

குண்டு தலையாட்டாமல் பறக்குமா என்று கணக்கிடும் மில்லர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். வேகம் வினாடிக்கு 3,200 அடி, கடல்மட்டம், 15 டிகிரி. பத்தில் நிலைப்பு எண் 1.2, எட்டில் 1.87. ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு குட்டிக்கரணம் அடிக்கும், 1.5 இருந்தால் நிம்மதி. ட்விஸ்ட் எண் வர்க்கத்தில் வேலை செய்வதால்தான் இரண்டு அங்குலத்துக்கு இவ்வளவு வித்தியாசம். என் குண்டின் நுனி பிளாஸ்டிக், அதற்கு எடை கிடையாது, அதனால் நிஜத்தில் பத்தின் நிலை கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் மேலாகவே இருக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த 1.2 ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் விஷயம். காற்று அடர்ந்தால் குறையும். ஆகஸ்ட் மான் சீசனில் 35 டிகிரி வெயிலில் 1.28க்கு ஏறுகிறது. சியரா நெவாடா மலையில் ஐயாயிரம் அடி ஏறினால் இன்னும் வசதி. ஆனால் நான் அதிகம் போவது பாசோ ரோப்ளஸ் பக்கம் காட்டுப்பன்றிக்கு, ஜனவரி விடியலில், புல்லில் உறைபனி இருக்கும்போது. அங்கே தாழ்வான நிலம், பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர், 1.14தான் வரும். பழைய குழலில் ஆகஸ்டில் நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் விழுந்த மூன்று குண்டு ஜனவரியில் இரண்டரை அங்குலம் விரிந்தது. அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு ஓட்டை சுத்த வட்டம், மற்ற இரண்டும் லேசாக முட்டை வடிவம், ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் கருப்புத் தீற்றல். விறைத்த விரலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், தேய்ந்த குழலும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் விரல் விறைத்தால் குண்டு சாய்ந்து விழாது.

எட்டில் இதுவரை தொண்ணூறு சுற்றுச் சொச்சம்தான் சுட்டிருக்கிறேன், அதில் குளிர்காலம் ஒன்றுதான். ஓட்டைகள் எல்லாம் வட்டம், குளிரிலும் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டியதோடு சரி. மெல்லுறைக் குண்டை எட்டில் சுட்டுப் பார்க்கவில்லை. அணிலுக்குக்கூட இங்கே ஈயம் கூடாது என்பதால் அதற்குத் தேவையும் வரவில்லை. இந்தச் சட்டம் இல்லாத நெவாடா மாநிலத்தில் கொயோட்டிக்கு (ஓநாய் போன்ற சின்ன விலங்கு) அலைபவராக இருந்தால் உங்கள் கணக்கு வேறு, பத்திலேயே இருங்கள். நடுவில் 1:9 இருக்கிறதே என்றால், இருக்கிறது. 1.48 வரும். மோசமில்லை. என் குண்டுக்குப் போதும், நாளை இன்னும் நீளமாக ஒன்று வந்தால் போதாது. வருஷம் அறுபது சுற்றுச் சுடுகிற எனக்கு இந்தக் குழல் இருபத்தைந்து வருஷமாவது வரும். குண்டை அடுத்த பெட்டியில் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே வெட்டிய சுருளை மாற்ற முடியாது.

இது புதுத் தலைவலியும் இல்லை. அதே 1955ல் ரெமிங்டன் .244 என்று கிட்டத்தட்ட இதே தோட்டாவை 1:12 ட்விஸ்டில் இறக்கியது. அணில், கொயோட்டி என்று லேசான குண்டை மனதில் வைத்துச் செய்தது. மக்களோ ஒரே துப்பாக்கியில் மானும் அடிக்க வேண்டும் என்றார்கள், 100 கிரெய்ன் குண்டுக்கு அந்த ட்விஸ்ட் நம்பகமாக இல்லை. 1963ல் பெயரை 6 மிமீ ரெமிங்டன் என்று மாற்றி 1:9 போட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் .243 சந்தையைப் பிடித்துவிட்டது.

பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் குழல்மேல் பொறித்ததை நம்ப வேண்டாம், பல குழல்களில் எதுவும் பொறித்திருக்காது. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பிடி தானாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே விடுங்கள். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். தள்ளத் தள்ளக் கம்பி திரும்பும், புள்ளி மறுபடி மேலே வரும்வரை எத்தனை அங்குலம் உள்ளே போனதோ அதுதான் ட்விஸ்ட். என் பழைய குழலில் பத்தேகால் வந்தது, கால் அங்குலம் என் கைப்பிழை என்று நினைக்கிறேன்.